கூரையில் சோலார், சீற்றுக்குக் கீழே பற்றரி: வேனில் பாதுகாப்பாகப் பாவிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் படுக்கை, அடுப்பு, பிரிட்ஜ் எல்லாம் ஏற்றிய ஒரு வேனைக் கண்டால், அது அநேகமாகப் பழைய டொயோட்டா டொல்பினோ கேடிஎச்சோதான். சீற்றைக் கழற்றி, பலகை அடித்து, ஒரு வயரிங் பாஸைப் பிடித்துச் செய்வித்திருப்பார்கள். நல்லூர்த் திருவிழாவுக்கும் கதிர்காமத்துக்கும் அறுகம்குடாவுக்கும் வெளிக்கிடுகிறவர்கள் இப்போது கூரையில் ஒரு சோலார் பனலையும் போட்டுக்கொள்கிறார்கள். கேள்விகள் எல்லாம் பனலைப் பற்றியே வருகின்றன. தீப்பிடிக்கிற இடமோ பெரும்பாலும் பற்றரியும் அதிலிருந்து புறப்படும் முதல் ஓரடி வயரும்தான். அதனால் கீழேயுள்ள பதில்களும் அந்தப் பக்கமே அதிகம் சாயும்.

12 வோல்ட்தானே, அதில் என்ன வந்துவிடப் போகிறது?

கரண்ட் அடிக்காது, உண்மை. ஆனால் சுடும். நல்ல நிலையில் உள்ள 100 அம்பியர்-மணிப் பற்றரியின் இரண்டு முனைகளையும் ஒரு ஸ்பனர் ஒன்றாகத் தொட்டுவிட்டால் ஆயிரம் அம்பியருக்கு மேல்கூட ஓடலாம். ஸ்பனர் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், முனையிலுள்ள ஈயம் உருகித் தெறிக்கும். அந்த நேரம் விரலில் மோதிரம் இடைப்பட்டால் அது சிவக்கச் சூடேறி விரலைச் சுற்றிச் சுட்டுவிடும். வேலை தொடங்கமுன் மோதிரம், கைச்சங்கிலி, இரும்புப் பட்டி போட்ட மணிக்கூடு எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். ஸ்பனரில் வாய் மட்டும் தெரிய, மிச்சத்துக்கு இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள்.

பனலை எடுத்துக்கொண்டால், 100 வொட் பனலின் இரண்டு வயரையும் முறுக்கிவிட்டாலும் 6 அம்பியர் அளவில் நின்றுவிடும். பற்றரிக்கு அப்படி ஓர் எல்லை இல்லை.

பனலை நேரே பற்றரியில் கொடுத்தால் சார்ஜ் ஆகாதா?

ஆகும். நிற்காமல் ஆகிக்கொண்டே இருக்கும், அதுதான் வில்லங்கம். 12 வோல்ட் பனல் என்று விற்பதை வெயிலில் ஒன்றும் பூட்டாமல் அளந்து பாருங்கள், 21 அல்லது 22 வோல்ட் காட்டும். ஈய-அமிலப் பற்றரி 14.4 வோல்ட்டைத் தாண்டினால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஒட்சிசனாகவும் வேகமாகப் பிரியத் தொடங்கும். சீல் வைத்த பற்றரி என்றால் போன தண்ணீரைத் திரும்ப ஊற்றவும் வழியில்லை. இடையில் ஒரு சார்ஜ் கொன்ட்ரோலர் கட்டாயம் வேண்டும். இரவில் பற்றரியிலிருந்து பனலுக்குக் கரண்ட் திரும்பி ஓடாமல் தடுப்பதும் அதுதான்.

பிடபிள்யூஎம் வாங்குவதா, எம்பிபிடி வாங்குவதா?

இரண்டும் சார்ஜ் கொன்ட்ரோலரின் வகைகள். பிடபிள்யூஎம் பனலைப் பற்றரியின் வோல்ட்டுக்கே இழுத்துவிடும், எம்பிபிடி மிஞ்சும் வோல்ட்டைக் கரண்டாக மாற்றித் தரும். 200 வொட்டுக்குள், 12 வோல்ட் பனல் மட்டும் என்றால் நல்லதொரு பிடபிள்யூஎம் போதும். எம்பிபிடி போட்டால் 30% கூடுதலாக வரும் என்று கடையில் சொல்வார்கள். அது குளிர்நாட்டுக் கணக்கு. நம் வெயிலில் பனலின் கண்ணாடி 60, 65 பாகைக்குப் போய்விடும். அந்தச் சூட்டில் 18 வோல்ட் தரவேண்டிய பனல் 15 வோல்ட் பக்கம் இறங்கிவிடும். அது பற்றரியின் வோல்ட்டுக்குக் கிட்ட வந்துவிடுவதால் எம்பிபிடி பிடித்துத் தருவதற்கு அதிகம் மிச்சமிருக்காது. பனல்களைத் தொடராக இணைக்கப் போகிறீர்கள், அல்லது பெரிய வோல்ட் பனல் வைத்திருக்கிறீர்கள் என்றால் எம்பிபிடிதான் வேண்டும். அங்கே வேறு பேச்சில்லை.

வாங்கும்போது ஒன்று. எம்பிபிடி என்று மேலே அச்சடித்த பிடபிள்யூஎம் பெட்டிகள் நிறைய உலாவுகின்றன. உண்மையான எம்பிபிடிக்குள் செப்புக்கம்பி சுற்றிய சுருள் இருக்கும், முதுகில் அலுமினிய ஹீட்சிங்க் இருக்கும், கையில் எடுத்தால் கனக்கும். யூஎஸ்பி துளை இரண்டு வைத்த, தீப்பெட்டிப் பாரத்தில் இருக்கும் பிளாஸ்டிக் பெட்டி எம்பிபிடியாக இருக்க வாய்ப்பில்லை.

வீட்டுக் கூரைக்குப் போட்டதில் மிஞ்சிய பெரிய பனலை வேனில் போடலாமா?

2016இல் அரசின் சூரிய பல சங்கிராமய திட்டம் தொடங்கிய பிறகு வீட்டுக் கூரைகளில் சோலார் பெருகிவிட்டது. மிஞ்சிய பனல் கையில் இருப்பது புதினமில்லை. இப்போது வரும் 550 வொட் பனல் ஒன்று ஏறக்குறைய 2.3 மீற்றர் நீளம், 1.1 மீற்றர் அகலம், 27 கிலோ பாரம். கூரை தாங்குமா என்பது ஒரு பக்கம். அதன் திறந்த சுற்று வோல்ட், அதாவது ஒன்றும் பூட்டாமல் அளக்கும் வோல்ட், 50க்குக் கிட்ட வரும் என்பது மறுபக்கம். மலிவான கொன்ட்ரோலர் பலவற்றின் உச்ச எல்லையே 50 வோல்ட் அல்லது அதற்கும் கீழே. காலை வெயில் குளிர்ச்சியாக இருக்கும்போது பனலின் வோல்ட் இன்னும் கொஞ்சம் ஏறும், கொன்ட்ரோலர் அன்றைக்கே போய்விடும். போடத்தான் வேண்டும் என்றால் 100 வோல்ட் தாங்கும் எம்பிபிடியோடு போடுங்கள். இரண்டு, மூன்று வீட்டுப் பனல்களைத் தொடராக இணைக்க மட்டும் வேண்டாம். 12 வோல்ட் போல் அல்ல, அந்த வோல்ட் ஆளையே அடிக்கும்.

எதை முதலில் பூட்டுவது?

பற்றரியை முதலில், பனலைப் பிறகு. கழற்றும்போது பனலை முதலில். கொன்ட்ரோலர் தன் எதிரே இருப்பது 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று பற்றரியைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறது. பற்றரி இல்லாமல் பனலின் 22 வோல்ட் மட்டும் வந்தால் அது 24 வோல்ட் என்று எடுத்துக்கொள்ளலாம், சிலவேளை உள்ளே ஏதாவது எரிந்தும் போகலாம். பூட்டும் நேரம் பனலை ஒரு தடித்த போர்வையால் மூடிவிடுங்கள். வெயிலில் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது பனலின் பிளக்கை இழுத்துக் கழற்றக் கூடாது, நெருப்புப் பொறி நீண்டு வரும். பனலுக்கும் கொன்ட்ரோலருக்கும் இடையில் ஒரு டிசி சுவிட்ச் வைத்துவிட்டால் போர்வைக்கும் வேலையில்லை.

பியூஸ் எங்கே, எவ்வளவு?

பற்றரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாணுக்குள். இதில் விட்டுக்கொடுப்பே கூடாது. கொன்ட்ரோலருக்குப் பக்கத்தில் பியூஸ் போட்டுவிட்டுத் திருப்தியோடு போகும் ஆட்கள் உண்டு. பற்றரியிலிருந்து அந்தப் பியூஸ் வரைக்கும் உள்ள வயர் பிறகு யார் காவலில் இருக்கிறது? சீற்றின் இரும்புக் கால் அந்த வயரில் ஏறி, வண்டி ஓடும் அதிர்வில் தோல் தேய்ந்து, ஒருநாள் உள்ளேயுள்ள செப்பு பொடியை, அதாவது வண்டியின் இரும்பு உடம்பை, தொடும். பியூஸ் அப்பால் இருப்பதால் அதற்கு ஒன்றும் தெரியாது. வயர் முழுவதும் சிவந்து, மேலே உள்ள மெத்தை பற்றிக்கொள்ளும்.

பியூஸ் காப்பது வயரை. ஓடப்போகும் கரண்டைவிடக் கால்பங்கு கூட, வயர் தாங்குவதைவிடக் குறைவு என்று தெரிவு செய்ய வேண்டும். ஓர் உதாரணம்: 200 வொட் பனல், பற்றரிப் பக்கம் உச்சத்தில் 15 அம்பியர் அளவு தரும். 20 அம்பியர் கொன்ட்ரோலர், 20 அம்பியர் பியூஸ், 6 சதுர மி.மீ. வயர். இன்வேர்ட்டருக்குத் தனி வயர், தனி பியூஸ். எரிந்த பியூஸுக்குப் பதிலாக வெள்ளிக்கடதாசி, ஆணி, இன்னும் பெரிய பியூஸ் எதுவும் வேண்டாம். அது ஏன் எரிந்தது என்று தேடுங்கள்.

வீட்டு டிபி போர்ட்டில் இருக்கும் சாதாரண ஏசி பிரேக்கரைச் சிலர் இதற்குப் போடுகிறார்கள். ஏசி கரண்ட் ஒரு செக்கனுக்கு 100 தடவை பூச்சியத்துக்கு வந்துபோகும், பொறி தானாக அணையும். டிசியில் அந்த இடைவெளி இல்லை. பொறி பிடித்தால் பிடித்தபடி, பிரேக்கரே உருகும். டிசி என்று எழுதி, உங்கள் வோல்ட்டும் அதில் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வயர் எவ்வளவு தடிப்பு?

கணக்குச் சிறியது. பனலிலிருந்து பற்றரிக்கு 5 மீற்றர் என்றால் போய்வர 10 மீற்றர். 10 அம்பியர் ஓடும்போது 2.5 சதுர மி.மீ. வயரில் 0.7 வோல்ட் தொலையும், 4இல் 0.44, 6இல் 0.3. 14.4 வோல்ட்டில் நிறைய வேண்டிய பற்றரிக்கு 0.7 வோல்ட் குறைந்தால் அது ஒருபோதும் முழுதாக நிறையாது. வீட்டு வயரிங்குக்கு வரும் ஒற்றைக்கம்பி வயர் வேண்டாம், அதிர்வில் முறியும். பல இழை வயர் எடுங்கள். கூரைக்கு மேலே போகும் துண்டுக்கு வெயில் தாங்கும் சோலார் கேபிள் தேவை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மீற்றர் கணக்கில் வெட்டிக் கேட்கும்போது தோலைச் சீவி உள்ளே பாருங்கள். செப்பு நிறம் பூசிய அலுமினியமாக இருந்தால் சுரண்டியதும் வெள்ளையாகத் தெரியும்.

எந்தப் பற்றரி நல்லது?

வண்டி ஸ்டார்ட் பண்ணும் பற்றரியை இதற்குப் பாவிக்காதீர்கள். ஒரு செக்கன் பலமாகத் தள்ளிவிடத்தான் அது செய்யப்பட்டது. இரவிரவாக பிரிட்ஜ் ஓட்டினால் சில மாதத்தில் செத்துவிடும்.

மிச்சம் இரண்டு தெரிவு. ஏஜிஎம் என்ற சீல் வைத்த ஈய-அமில வகை மலிவு, முரட்டுத்தனமாகப் பாவிக்கலாம், சார்ஜைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. லித்தியம் இரும்பு பொஸ்பேற் விலை கூட, பாரம் மூன்றில் ஒன்று, 80% வரை இறக்கலாம், உள்ளே பிஎம்எஸ் என்ற காவல் சுற்று இருக்கும். 100 அம்பியர்-மணி ஏஜிஎம் ஒன்று 28 கிலோவுக்கு மேல் இருக்கவேண்டும். 18 கிலோவில் ஒருவர் நீட்டினால் உள்ளே ஈயம் குறைவு என்று அர்த்தம். விலை பேசுவதற்கு முன் தூக்கிப் பாருங்கள்.

நம் ஊரில் பற்றரியைக் கொல்வது சூடு. வெயிலில் பூட்டி வைத்த வேனுக்குள் 50 பாகை சர்வசாதாரணம். 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஈய-அமிலப் பற்றரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். லித்தியத்துக்கும் சூடு ஒத்துவராது. பல லித்தியப் பற்றரிகளின் தாளில் 45 முதல் 55 பாகைக்கு மேல் சார்ஜ் செய்ய வேண்டாம் என்று இருக்கும். எஞ்சினுக்கு மேலே உள்ள சீற்றுக்குக் கீழே, அதாவது பல வேன்களில் ஓட்டுநருக்கு அடியில், சோலார் பற்றரியை வைக்காதீர்கள். பின்பக்கம், தரையோடு, வெயில் விழாத பக்கத்தில் வையுங்கள்.

இன்னொன்று, அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்கள் ஓடும் நாட்டில் இதைச் சொல்லியே ஆகவேண்டும். கழித்த ஹைபிரிட் பற்றரிப் பக்கை வாங்கிப் பிரித்து வேனுக்குப் பற்றரி செய்யும் யோசனையை விட்டுவிடுங்கள். அக்குவாவின் பக் 144 வோல்ட், பிரியஸின் பக் 200க்கு மேல். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு தடுமாறினால் ஆளே போய்விடும்.

பற்றரி இருக்கும் பெட்டிக்குக் காற்றோட்டம் வேண்டுமா?

தண்ணீர் ஊற்றும் வகை என்றால் கட்டாயம், ஏஜிஎம்முக்கும் வைத்தால் நல்லது. சார்ஜாகும்போது வரும் ஹைட்ரஜன் காற்றில் 4% சேர்ந்தாலே வெடிக்கக்கூடியது. அது மேலே போகும் வாயு, ஆகவே துளை பெட்டியின் மேல்பகுதியில் இருந்து வெளியே போகவேண்டும். சமையல் கேஸ் நேர்மாறு, காற்றைவிடப் பாரம், தரையோடு தவழும். அதற்குத் துளை தரையில். இரண்டையும் ஒரே அலுமாரிக்குள் வைத்தால் மேலேயும் கீழேயும் வெடிமருந்து வைத்துவிட்டு நடுவில் பொறி பறக்கும் ரிலே சுவிட்ச் போட்டதற்குச் சமம். கேஸ் சிலிண்டருக்குத் தனி அறை. கொன்ட்ரோலரையும் பற்றரிக்கு நேர்மேலே அடிக்காமல் பக்கச்சுவரில், ஒரு மீற்றருக்குள் அடியுங்கள்.

பட்டி போட்டுக் கட்டுங்கள். 28 கிலோ ஈயம் திடீர் பிரேக்கில் முன்சீற்றுக்கு வருவதை யோசித்துப் பார்த்தால் போதும்.

கொன்ட்ரோலரில் எத்தனை வோல்ட் வைப்பது?

பற்றரியின் தாளில் உள்ளதை. தாள் இல்லையென்றால் ஏஜிஎம்முக்கு 14.4, நிறைந்த பின் 13.6. ஜெல் வகைக்கு 14.1 பக்கம். லித்தியம் இரும்பு பொஸ்பேற்றுக்கு 14.2 முதல் 14.6க்குள். லித்தியம் போட்டுவிட்டு கொன்ட்ரோலரை ஈய-அமில நிலையிலேயே விட்டால், சமப்படுத்தல் என்ற பெயரில் அது சிலவேளை 15 வோல்ட் வரை ஏற்றும், பிஎம்எஸ் இடையில் வெட்டும். அந்தச் சமப்படுத்தலை ஏஜிஎம்முக்கும் நிறுத்திவிடுங்கள்.

ஈய-அமிலத்துக்கு வெப்பக் கணக்கும் உண்டு. 25க்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் ஏறக்குறைய 0.024 வோல்ட் குறைக்கவேண்டும். பற்றரி 40 பாகையில் இருந்தால் 14.4 என்பது 14.0 ஆக வேண்டும். வெப்பமானி வயர் கொன்ட்ரோலரோடு வந்திருந்தால் அதைச் சுருட்டி டிராயரில் வைக்காமல் பற்றரியில் ஒட்டுங்கள்.

மலிவான கொன்ட்ரோலரின் எதிர்முனையைப் பொடியில் பூட்டலாமா?

பார்த்துத்தான். வாகனத்தில் பொடி என்றால் எதிர்முனை. மலிவான பிடபிள்யூஎம் பலவற்றில் உள்ளே பனல், பற்றரி, லைட் ஆகியவற்றின் நேர்முனைகள் மூன்றும் ஒன்றாக இருக்கும், வெட்டுவதும் திறப்பதும் எதிர்முனைப் பக்கத்தில் நடக்கும். அப்படிப்பட்டதில் பனலின் எதிர்வயரோ, லைட்டின் எதிர்வயரோ பொடியைத் தொட்டால் கொன்ட்ரோலரைச் சுற்றிக் குறுக்குவழி கிடைத்துவிடும். அது நிறுத்தினாலும் பனல் நிறுத்தாது, பற்றரி கொதிக்கும். மல்டிமீற்றரின் பீப் ஒலியில் வைத்து, ஒன்றும் பூட்டாத கொன்ட்ரோலரின் மூன்று எதிர்முனைகளையும் தொட்டுப் பாருங்கள். ஒன்றாகப் பீப் அடித்தால் பொடியில் பூட்டலாம். அடிக்காவிட்டால் ஒவ்வொன்றுக்கும் தனி வயர் ஓட்டுங்கள், அல்லது வேறு கொன்ட்ரோலர் வாங்குங்கள்.

டாஷ்போர்டில் வைக்கும் சின்ன சோலார் சார்ஜர் போதுமா?

நிறுத்தி வைத்த வண்டியின் ஸ்டார்ட் பற்றரி இறங்காமல் பிடித்துவைக்க, ஆம். ஒன்றை நடத்த, இல்லை. சிகரெட் லைட்டர் துளையில் செருகுவதாக இருந்தால், திறப்பைக் கழற்றிய பிறகும் அந்தத் துளையில் கரண்ட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல வண்டிகளில் இருக்காது, சார்ஜர் வெறுமனே வெயில் காயும்.

ரைஸ் குக்கர், கேத்தல் போடலாமா?

500 வொட் ரைஸ் குக்கர் இன்வேர்ட்டர் வழியாக 12 வோல்ட் பற்றரியிலிருந்து 45, 50 அம்பியர் இழுக்கும். அரைமணி நேரம் சோறு வெந்தால் 250 வொட்-மணி. 100 அம்பியர்-மணி ஏஜிஎம்மில் பாவிக்கக்கூடியதே 600தான், ஒரு நேரச் சோற்றுக்குப் பாதிக்குக் கிட்டப் போய்விடும். கேத்தல் 1500 வொட்டுக்கு மேல், 140 அம்பியரைத் தாண்டும், அதற்கு ஏற்ற வயர் கைவிரல் தடிப்பு. என்னைக் கேட்டால் சமையலையும் தேத்தண்ணியையும் கேஸிலேயே வையுங்கள்.

1000 வொட் இன்வேர்ட்டர்தான் வேண்டுமென்றால் 35 சதுர மி.மீ. வயர், ஒரு மீற்றருக்குள், 125 அம்பியர் பியூஸ். அதன் வாயிலிருந்து வருவது முழு 230 வோல்ட் என்பதையும் மறக்கக் கூடாது. 12 வோல்ட் என்ற எண்ணத்தில் ஈரக்கையோடு தொடுகிற இடம் இதுதான்.

பிரிட்ஜ் எவ்வளவு நேரம் ஓடும்?

கொம்பிரசர் வைத்த 40 லீற்றர் பிரிட்ஜ் நம் புழுக்கத்தில் ஒரு நாளைக்கு 400 முதல் 500 வொட்-மணி எடுக்கும். 200 வொட் பனல் நல்ல வெயில் நாளில் 600 பக்கம் தரும். சரி, அது மன்னாரிலும் கல்பிட்டியிலும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழையில் கொழும்பிலோ காலியிலோ நின்றால் முகில் மூடிய நாளில் அதில் மூன்றிலொரு பங்கும் வராது. கொம்பிரசர் இல்லாத, விசிறி மட்டும் சுற்றும் கூல் பொக்ஸ் மலிவாக இருக்கும், ஆனால் நிற்காமல் 50 வொட் குடிக்கும், நாளுக்கு ஆயிரத்தைத் தாண்டும். அதை விட்டுவிடுங்கள்.

பனலைச் சரித்து வைக்க வேண்டுமா?

கொழும்பு 7 பாகை அகலாங்கில் இருக்கிறது, படுக்கவைத்தாலே போதும். டிசெம்பரில் மட்டும் நண்பகல் வெயில் 30 பாகை தெற்கே சாயும், இழப்பு 13% அளவு. அதற்காகத் தாங்கி செய்வது வீண்செலவு, காற்றுக்கும் அது ஒரு பிடி.

நிழலில் நிறுத்தினால்?

தென்னோலை ஒன்றின் நிழல் இரண்டு செல்லில் விழுந்தாலே மூன்றிலொரு பங்கு வரும்படி போய்விடலாம். அதைவிடக் கரைச்சல் காக்கை. கொழும்பில் எந்த மரத்தடியில் நிறுத்தினாலும் காலையில் பனலில் எச்சம் இருக்கும். எச்சம் காய்ந்து ஒரே செல்லை மூடிக்கொண்டிருந்தால் மற்றச் செல்கள் தள்ளும் கரண்டில் அந்தச் செல் மட்டும் சூடேறிப் பழுப்பாகும். காலையிலேயே கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது தண்ணீரும் துணியும் போதும். நடுவெயிலில் பச்சைத்தண்ணீர் ஊற்ற வேண்டாம். வண்டி சேர்விஸுக்குப் போனால் உயரழுத்தத் தண்ணீரை பனலின் கீழ்ப்பக்கமும் வயர் நுழையும் துளையிலும் அடிக்க வேண்டாம் என்று பையனிடம் சொல்லி நில்லுங்கள். சொல்லாவிட்டால் அங்கேதான் முதலில் அடிப்பான்.

பனல் பறந்து போகாதா?

தெற்கு அதிவேகப் பாதையில் 100 கி.மீ. வேகத்தில் போகும்போது பனலுக்குக் கீழே புகும் காற்று அதைத் தூக்கப் பார்க்கும். கூரை ராக்கில் நட்-போல்ட், நைலோன் பூட்டு நட்டோடு. துளைத்த இடமெல்லாம் சீலன்ட். பனலுக்கும் கூரைக்கும் இடையில் மூன்று, நான்கு சென்ரிமீற்றர் காற்று ஓடவேண்டும். வளையும் மெல்லிய பனலைக் கூரையோடு ஒட்டினால் சூடு போக வழியில்லாமல் சீக்கிரம் கருகும். கடைத்தொகுதிகளின் பேஸ்மென்ட் பார்க்கிங்கில் நுழையமுன், ராக்கும் பனலும் சேர்ந்த புதிய உயரம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஓடும்போது எஞ்சினாலும் சார்ஜ் செய்யலாமா?

செய்யலாம், சோலாரும் அதுவும் ஒன்றுக்கொன்று தடையில்லை. ஏஜிஎம் என்றால், எஞ்சின் ஓடும்போது மட்டும் இரண்டு பற்றரிகளையும் இணைக்கும் ஒரு ரிலே போதும். லித்தியத்தை ஒல்டர்னேற்றரில், அதாவது எஞ்சினோடு சுற்றிக் கரண்ட் தரும் கருவியில், நேரே பூட்டினால் அது கிடைத்த கரண்ட் முழுவதையும் உறிஞ்சும், கொழும்பு நெரிசலில் எஞ்சின் மெதுவாகச் சுற்ற, விசிறிக் காற்றும் இல்லாமல் ஒல்டர்னேற்றர் வெந்துபோகும். நடுவில், எடுக்கும் கரண்டை மட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜர் போடுங்கள்.

வீட்டு பிளக்கில் செருகி சார்ஜ் செய்வது, கரண்ட் கட்டில் வேனிலிருந்து வீட்டுக்கு எடுப்பது?

முதலாவது: 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் உள்ள பொயின்ட்டிலிருந்து எடுங்கள், எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருளோடு விடாமல் முழுவதும் விரித்துவிடுங்கள். இடி இடிக்கும் நேரம், முக்கியமாக ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில், கழற்றிவிடுங்கள்.

இரண்டாவது 2022இல் பலருக்குப் பழகிப்போன விஷயம். மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே. இன்வேர்ட்டரிலிருந்து யன்னல் வழியாக ஒரு வயர் இழுத்து ஒரு விசிறி, ஒரு ரவுட்டர் போடலாம், பிழையில்லை. இரண்டு பக்கமும் ஆண் பிளக் வைத்த வயரால் வீட்டுச் சுவர் பொயின்ட்டுக்குள் கரண்ட் ஏற்றுவது கொலைக்குச் சமம். அது மீற்றர் தாண்டி லைனுக்குப் போகும், கம்பத்தில் ஏறி நிற்பவர் லைன் செத்துவிட்டது என்று நம்பித் தொடுவார். கரண்ட் திரும்பி வந்தால் இன்வேர்ட்டரும் எரியும்.

அழுகின முட்டை மணம் வருகிறது.

ஈய-அமிலப் பற்றரி அளவுமீறிச் சார்ஜாகிறது. லைட் சுவிட்ச் எதையும் தொடாதீர்கள், சிகரெட்டை வேனுக்கு வெளியே, தூரத்தில் அணையுங்கள். கதவுகளைத் திறந்து ஆட்களை இறக்குங்கள். வெளியே இருந்து பனலைப் போர்வையால் மூடுங்கள். மணம் போய், பற்றரி ஆறிய பிறகே கழற்றலாம். வயிறு ஊதின பற்றரியை மீண்டும் சார்ஜ் செய்ய முயலவேண்டாம். அமிலம் கண்ணில் பட்டால் 15 நிமிடத்துக்குக் குறையாமல் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

தீயணைப்பான் எது, எங்கே?

உலர்தூள் வகை, இழுக்கும் கதவுக்குப் பக்கத்தில். பற்றரிக்குப் பக்கத்தில் வைத்தால் தேவைப்படும் நேரம் எட்டாது. லித்தியப் பற்றரி புகைக்கத் தொடங்கினால் அணைக்கும் எண்ணமே வேண்டாம், அந்தப் புகை நஞ்சு. இறங்கி விலகி 110 தீயணைப்புப் படைக்கு அழையுங்கள்.

காலை எட்டு மணிக்கே நிறைந்துவிட்டது என்று காட்டுகிறது, இரவு ஒன்பதுக்கு லைட் மங்குகிறது.

சார்ஜரில் பிழையில்லை. பற்றரி கொள்ளளவை இழந்துவிட்டது, அதனால்தான் கொஞ்சம் ஊற்றியதும் வோல்ட் பாய்ந்து ஏறுகிறது. இரவு முழுக்க எல்லாவற்றையும் கழற்றி வைத்து, வெயில் ஏறமுன் அளந்து பாருங்கள். 12.7 நிறைவு, 12.2 பாதி, 11.9 என்றால் வெறும். நிறைந்த பற்றரி ஒன்றும் பூட்டாமலே ஓரிரவில் 12.4க்கு இறங்கினால் அதன் காலம் முடிந்தது.

வெள்ளவத்தை அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் மாதக்கணக்காக நிற்கிறது.

அங்கே வெயிலும் இல்லை, சோலாரும் இல்லை. ஏஜிஎம்மை முழுதாக நிரப்பி, எதிர்முனையைக் கழற்றி வையுங்கள், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து நிரப்புங்கள். லித்தியத்தைப் பாதியளவில் விட்டுக் கழற்றி வைத்தால் போதும். கடற்காற்று வீசும் இடம் என்பதால் முனைகளில் பச்சை பூத்திருக்கும், துடைத்து வாசலின் தடவுங்கள்.

நுவரெலியாக் குளிரில்?

ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி விழும் காலையில் மட்டும் கவனம். லித்தியத்தை பூச்சியப் பாகைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. பற்றரி வேனுக்குள் ஆட்களோடு இருந்தால் அந்தளவுக்கு இறங்காது.

பதிவுப் புத்தகம், காப்புறுதி?

சீற் கழற்றி வேனைப் படுக்கையாக மாற்றுவதென்றால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பற்றரி, இன்வேர்ட்டர், கேஸ் வைத்திருப்பதைக் காப்புறுதிக்காரருக்கு எழுத்தில் சொல்லி, அவர்கள் ஏற்றுக்கொண்ட கடிதத்தை வண்டியிலேயே வையுங்கள்.

பழைய பற்றரியை என்ன செய்வது?

ஈய-அமிலம் என்றால் பற்றரிக்கடைகளே எடுத்துக்கொண்டு புதியதன் விலையில் கழித்துத் தருவார்கள், நிறுத்துப் பார்த்துப் பேரம் பேசுங்கள். அமிலத்தைக் கானில் ஊற்றிவிட்டுக் கொண்டுபோக வேண்டாம். லித்தியத்தைக் குப்பை வண்டியில் போடாதீர்கள், அழுத்தும்போது உள்ளேயே பற்றிக்கொள்ளும். முனைகளுக்கு டேப் ஒட்டி, வாங்கின இடத்திலோ இலத்திரனியல் கழிவு சேர்ப்பவரிடமோ கொடுங்கள்.